நுவரெலியா விக்டோரியா பூங்கா: புல்தரைக்குப் பாதி மதிப்பெண், ஓடையோரத்துக்கு முழு மதிப்பெண்

மலையகத்தில் ஆற்றோரக் காணி வாங்கிப் பூங்கா அமைக்கலாமா என்று யோசிக்கிற நகர சபையோ பிரதேச சபையோ, விலை பேச உட்காரும் முன் உறுப்பினர்களை ஒரு காலைப்பொழுது நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் கூட்டிப் போக வேண்டும். பூப்பாத்தியைப் பார்க்க ஒரு கால் மணி நேரம் போதும். மிச்ச நேரத்தை ஓரமாக ஓடுகிற அந்த அழுக்கு ஓடையருகே செலவிடுங்கள். எதை வாங்க வேண்டும், எதை வாங்கி ஏமாறக் கூடாது என்பது இரண்டும் அங்கே தெரியும்.

பூங்காவைப் பற்றி முதலில் சுருக்கமாக. சுமார் 27 ஏக்கர். ஹக்கலை தாவரவியல் தோட்டத்தின் ஆராய்ச்சி வயலாக இருந்த இடம், 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவையொட்டி இந்தப் பெயரைப் பெற்றது. இன்று மாநகர சபையின் பொறுப்பில் இருக்கிறது. டிக்கெட் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. சிறுவர் ரயில் உண்டு, ஊஞ்சல் உண்டு, உட்கார வாங்குகள் உண்டு. புல்லை ஒழுங்காக வெட்டுகிறார்கள். குடும்பத்தோடு வந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்க நல்ல இடம். நகரப் பூங்கா என்ற கணக்கில் 10க்கு 6 தாராளமாகக் கொடுக்கலாம்.

ஓடையோரம் வேறு உலகம். நகரத்துக்குள் புகுந்து வருகிற தண்ணீர், கலங்கல் நிறம், அங்கங்கே பிளாஸ்டிக் போத்தல், செடியில் சிக்கிய சிலுசிலுப் பை, மழை விட்ட மறுநாள் லேசான நாற்றம். ஆனால் இலங்கைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் தூரதேசத்திலிருந்து வந்து நிற்பது இந்த ஓரத்தில்தான். காஷ்மீர்ப் பக்கத்து மலைகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இறங்கி வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான், கறுப்பு வெள்ளைப் பூங்குருவி, நீல ராபின், ஆறுமணிக்குருவி எல்லாம் இங்கே வரும். இலங்கைக்கே உரிய மஞ்சள் காதுச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் மேலே மரத்தில் இருக்கும்.

காரணம் எளிது. பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் தரையில் தத்தி நடந்து இலைச்சருகைப் புரட்டி மண்புழுவும் பூச்சியும் தின்னும் பறவைகள். அவற்றுக்கு ஈரமான மண், உதிர்ந்து மக்கிய இலை, தலைக்கு மேல் அடர்ந்த புதர், இந்த மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். வெட்டிய புல்லில் மூன்றில் ஒன்றும் கிடையாது. 27 ஏக்கரில் இந்தக் கூட்டு அமைந்திருப்பது பெரும்பாலும் ஓடையோரத்து ஒடுங்கிய துண்டில்தான். யாரும் திட்டம் போட்டு உண்டாக்கிய வாழிடம் இல்லை அது. கை படாமல் விட்டதால் தப்பியது. “அசிங்கமாக இருக்கிறது, சுத்தம் பண்ணுவோம்” என்று ஒரு சிரமதானத்தில் புதரை வெட்டிச் சருகை அள்ளிவிட்டால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும். பொறுக்க வேண்டியது பிளாஸ்டிக்கை மட்டும். இந்த வித்தியாசத்தை வேலையாட்களுக்குச் சொல்லிக் கொடுக்காத பூங்கா, பூங்காவாக இருக்கலாம், வாழிடமாக இராது.

குறை என்று சொன்னால் தண்ணீர்தான். பூங்காவின் கைக்குள் இருப்பது கரை மட்டும். மேலே கடைத்தெரு வடிகாலும் மரக்கறித் தோட்டத்து மண்ணும் வேறு யாருடையதோ. கிரகரி வாவிக்கும் இதே கதிதான். சதுப்பாகக் கிடந்த இடத்தை ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873 இல், வாவியாக்கினார்கள். மண்ணையும் அழுக்கையும் வடிகட்டிக் கொண்டிருந்த சதுப்பு போய், எல்லாம் வந்து படியும் தொட்டி வந்தது. சுற்றிலும் நடைபாதை, அன்னப் படகு, குதிரைச் சவாரி, கச்சான் கடை எல்லாம் வந்த பிறகும் வாவியின் பிரச்சினை வண்டலும் பாசியும்தான். கரையில் எவ்வளவு கொட்டினாலும் மேலிருந்து வருவதை நிறுத்தாது. பொழுதுபோக்குக்குக் கிரகரி வாவி நல்ல இடம். ஆற்றோர வாழிடத்துக்கு அதை மாதிரியாக எடுக்க வேண்டாம்.

ஆகவே காணி வாங்கப் போகிற சபைக்கு எங்கள் முதல் யோசனை: அகலமான சமதரையைப் பார்த்து மயங்காதீர்கள். நகரத்து வடிகால் ஆற்றில் சேருமிடம், வெள்ளம் ஏறி நிற்கும் உள்வளைவு, இரண்டு காட்டுத் துண்டுகளை இணைக்கிற ஒடுங்கிய கரை, இந்த மூன்றுக்கும்தான் காசு. சமதரையை விற்க எப்போதும் ஆள் இருக்கும். வடிகால் வாய் ஒருமுறை கட்டடத்துக்குக் கீழே போய்விட்டால் பிறகு கிடைக்காது.

வடிகால் வாய் சபையின் காணிக்குள் இருந்தால்தான் குப்பைத் தடுப்புக் கம்பி போட முடியும். செங்குத்தாகப் போட்டால் முதல் மழையிலேயே இலையும் பையும் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீதிக்கு ஏறும். கம்பிகளை ஓட்டத்தின் திசையில் மேல்நோக்கிச் சாய்த்துப் போட வேண்டும். குப்பை மேலே வழுகி ஏறும், தண்ணீர் கீழே போகும். மேலே ஒரு ஆள் நின்று வாரி எடுக்கச் சிமெந்து மேடை வேண்டும், குப்பை லொறி வர வழி வேண்டும். அதற்குக் கீழே வண்டல் குழி, இரண்டு அறையாக. ஒன்றை அள்ளும்போது மற்றது வேலை செய்யும். மே மாதத்துத் தென்மேல் பருவத்துக்கு முன் ஒருமுறை, ஒக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை கட்டாயம் அள்ள வேண்டும். அள்ளாத வண்டல் குழி இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

இனி அளவு. 400 மீற்றர் நீளக் கரையில் 20 மீற்றர் அகலம் எடுத்தால் 8,000 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்பதால் இது சுமார் 316 பேர்ச்சஸ், 2 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த எண்ணைச் சபையில் சொன்னதும் யாராவது எழுந்து கேட்பார்: தோட்டத்துக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் கொடுக்க இடமில்லை என்கிறார்கள், பறவைக்கு 45 வீட்டுக் காணியா? கேள்வி நியாயமானது, மழுப்பக் கூடாது. பதில் காணியிலேயே இருக்க வேண்டும். வெள்ளம் ஏறும் கரையில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் அங்கே குடும்பத்தை வைப்பது பாவம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவையும் 2025 நவம்பர் டித்வா புயலையும் பார்த்த மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்குகிற துண்டில் வீடு கட்டத் தகுந்த மேட்டுநிலமும் கலந்திருந்தால் கேட்டவர் பக்கம்தான் நியாயம். அந்த மேட்டைப் பூங்காவுக்குள் இழுக்காமல் வீட்டுத் திட்டத்துக்கு விடுங்கள்.

வெள்ளம் எதுவரை ஏறும் என்பதற்கு வரைபடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெருமழைக்கு மறுநாள் கரையில் நடந்து போனால் வேலியிலும் மூங்கிலிலும் பிளாஸ்டிக் பை, தேயிலைக் குச்சி, வைக்கோல் எல்லாம் ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் சிக்கியிருக்கும். அந்தக் கோட்டில் கல் நட்டு, நில அளவையாளரிடம் சொல்லிப் பிளானில் குறிக்கச் செய்யுங்கள். நடைபாதையும் உட்காரும் வாங்குகளும் கோட்டுக்கு மேலே. மலசலகூடம் இன்னும் மேலே. குழிக்குள் வெள்ளம் புகுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆற்றுக்குத்தான் போகும்.

காணி யாருடையது என்பதில்தான் பாதிச் சபைகள் தடுமாறும். முதலில், ஓயாவின் (சிற்றாற்றின்) இரு பக்கமும் அரச காணிச் சட்டப்படி ஒதுக்கம், அதாவது அரசுக்கென விட்ட கரைத்துண்டு, இருக்கலாம். ஆற்றின் அகலத்தைப் பொறுத்து அதன் அகலம் மாறும். பழைய பிளானில் ஒதுக்கமென்று காட்டியிருந்தால் அதற்கு விலை கொடுக்கவே தேவையில்லை. அதையும் சேர்த்துப் பேர்ச் கணக்குப் போட்டு விற்க வருகிறவர்கள் உண்டு, கவனம். அடுத்தது தோட்டக் காணி. நிலம் அரசுடையது. பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் இருப்பது, 1992 இல் தோட்ட நிர்வாகம் தனியாருக்கு மாறியதோடு வந்த குத்தகை, 2045 வரை. அங்கே “வாங்குவது” என்ற பேச்சே இல்லை. குத்தகையிலிருந்து அந்தத் துண்டை விடுவித்துப் பெற வேண்டும், மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் வழியாக. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்ய 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. இன்றும் “தோட்டத்துக்குள் சபை செலவழிக்க முடியாது” என்று யாராவது சொன்னால் திருத்தத்தைக் காட்டுங்கள்.

தனியார் காணி என்றால் உறுதியை (காணிப் பத்திரத்தை) மட்டும் நம்பி முற்பணம் கொடுக்கக் கூடாது. காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். பிரிக்கப்படாத பங்கு என்று ஒரு வரி கண்ணில் பட்டால், பாகப்பிரிவினை முடியும்வரை கைகழுவிவிடுங்கள். “கிழக்கே ஓயா” என்று எல்லை எழுதிய உறுதிகளில் இன்னொரு வில்லங்கம்: ஓயா இடம் மாறியிருக்கும். உறுதியில் 60 பேர்ச்சஸ் இருக்கும், தரையில் 48 தான் நிற்கும். புதிதாக அளந்த பிளானுக்கு மட்டுமே விலை பேசுங்கள். மதிப்பீட்டுத் திணைக்களத்தின் அறிக்கையும் அந்தப் பிளானின்படியே இருக்கட்டும்.

விற்க மறுத்தால் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. 2 ஆம் பிரிவு அறிவித்தலோடு அதிகாரிகள் உள்ளே போய் அளக்கலாம். 4 ஆம் பிரிவில் ஆட்சேபணைக்குக் குறைந்தது 14 நாள். 5 இல் வர்த்தமானிப் பிரகடனம், 7 இல் உரிமை கோர அழைப்பு, 9 இல் விசாரணை, 10 இல் உரித்துத் தீர்மானம், 17 இல் நட்டஈட்டுத் தீர்ப்பு. 38 இன் அவசரப் பிரிவால் உடனே கையேற்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். பூங்காவுக்கு அவசரம் என்று சொல்லி வழக்கை இழுத்துக்கொள்ளாதீர்கள். நட்டஈடு நிலுவையில் கிடக்கிற காணியில் நடுகிற மரத்தை ஊரே வெறுக்கும்.

கையில் வந்த பிறகு செய்கிற பெரிய பிழை தடுப்புச் சுவர். வெளிவளைவில் கொங்கிரீட் சுவர் எழுப்பினால் தண்ணீர் வேகம் பிடித்து அடியைத் தோண்டும், இல்லாவிட்டால் எதிர்க்கரைக்காரனின் காணியை எடுக்கும். தவிர்க்க முடியாத இடத்தில் கல் நிரப்பிய கம்பிக் கூடைகளைப் படி படியாக அடுக்குங்கள், இடுக்கில் செடி பிடிக்கும். மரம் நடும்போது உயரத்தைப் பாருங்கள். கம்பளை, பேராதனைப் பக்கத்துக்குக் கும்புக் (மருத மரம்) சரி. நுவரெலியாக் குளிருக்கு அதை எடுத்துப் போக வேண்டாம், பக்கத்து ஓடையில் தானாக வளர்வதையே நாற்றாக்குங்கள். கரையில் யூக்கலிப்டஸ் நின்றால் மொத்தமாக வெட்டாமல், புதுக் கன்று வேர் பிடிக்கப் பிடிக்கச் சிறிது சிறிதாக எடுங்கள். நாயுண்ணியையும் காட்டுச் சூரியகாந்தியையும் விதை விழுமுன் பிடுங்குவது முதல் மூன்று வருடம் விடாமல் நடக்க வேண்டிய வேலை. செலவுத் திட்டத்தில் மறந்துபோவது இதைத்தான்.

தலவாக்கலை போல அணைக்குப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2012 இல் மின் உற்பத்தி தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் வான்கதவுகள் மழைக்காலத்தில் திறக்கும். அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டு கட்டுகிற சபை, சைரன் ஒலி கேட்கிறதா என்று அந்தப் படியிலேயே நின்று சோதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஏறித் தப்ப வழி வேண்டும். பலகை மூன்று மொழியிலும் வேண்டும்.

விக்டோரியா பூங்காவுக்குப் போகிறவர்கள் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள், கதவு திறந்த உடனேயோ மாலையில் ஆள் குறைந்த பிறகோ போங்கள். ஏப்ரல் சீசனில் பூ நிறைய, ஆள் அதைவிட நிறைய, வலசை வந்த குருவிகள் கிளம்பிக்கொண்டிருக்கும். ஓடையோரத்தில் சத்தம் போடாமல் ஒரே இடத்தில் கால் மணி நேரம் நிற்க வேண்டும். சபையிலிருந்து போனால் தலைவரையும் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போகாமல், குப்பை அள்ளும் பிரிவின் மேற்பார்வையாளரையும் வேனில் ஏற்றுங்கள். வாங்கப் போகிற கரைக்கு மாதத்துக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அந்த ஓடையைப் பார்த்ததும் அவரால் சொல்ல முடியும்.