தீர்ப்புக்கும் தடையாணைக்கும் இடையில்: ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவை

நிலத்தின் சுவாதீனத்தை வாதியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மாவட்ட முன்சீப் நீதிமன்றம் எங்கள் குடும்பத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தபின், சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து, அது முடியும்வரை தீர்ப்பாணையின் நிறைவேற்றத்திற்குத் தடை பெற்றுத் தந்த வழக்கறிஞர் அலுவலகத்தைப் பற்றிய மதிப்பீடு இது. வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடிக்கொள்வதை இந்திய பார் கவுன்சில் விதிகள் ஏற்பதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன்.

மேல்முறையீடு பதிவாகி எண் விழுந்துவிட்டால், தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா வரமாட்டார் என்று கிராமத்தில் பலரும் நம்புகிறார்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 அப்படிச் சொல்லவில்லை என்பதையும், தடைக்குத் தனியே இடைமனு போட்டு, கணிசமான இழப்பு ஏற்படும், தாமதமின்றி வந்திருக்கிறோம், உரிய பிணையம் தருகிறோம் என்ற மூன்றையும் காட்ட வேண்டும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே மூத்த வழக்கறிஞர் விளக்கினார். தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடப்பட்டிருக்கிறதா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு. தீர்ப்பின் நகல் பெறுவதற்கு ஆகும் நாள்கள் அந்தக் கணக்கில் சேராது. கெடு தாண்டிவிட்டால், மேல்முறையீட்டை விசாரிப்பது என்று நீதிமன்றம் முடிவு செய்யும்வரை தடையும் கிடைக்காது.

இந்த அலுவலகத்தை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் பிரமாணப் பத்திரம்தான். “ஈடு செய்ய முடியாத இழப்பு ஏற்படும்” என்ற வழக்கமான ஒற்றை வரியோடு அவர்கள் நிறுத்தவில்லை. குமாஸ்தா எங்கள் ஊருக்கே வந்து, கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து நடப்புப் பசலிக்கான (வருவாய் ஆண்டுக்கான) அடங்கல் எனும் பயிர்ப் பதிவேட்டின் நகலைப் பெறச் செய்து, கதிர் பிடித்து நின்ற நெல், ஆழ்துளைக் கிணறு, மோட்டாருக்கான மின் இணைப்பு, வரப்போரத் தென்னை ஆகியவற்றைப் படத்துடன் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். வெளியேற்றிய பிறகு மேல்முறையீட்டில் வென்றால் நிலம் திரும்பக் கிடைக்கலாம், ஆனால் அழிந்த பயிரும் வெட்டிய மரமும் திரும்பாது என்ற வாதத்திற்கு நீதிபதியின் முன் இருந்த ஆதாரம் அந்த ஆவணங்கள்தான்.

தங்களைக் கேட்காமல் ஆணை பிறப்பிக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு கேவியட் மனு போட்டிருப்பதை முன்கூட்டியே பார்த்து, எங்கள் மனுவின் நகல்களை அவர்களுக்குச் சார்வு செய்திருந்ததால் (முறைப்படி கொடுத்திருந்ததால்), அதற்காக ஒரு வாய்தாவும் வீணாகவில்லை.

தடை கிடைத்த அன்று மாலை அவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். கீழ் நீதிமன்றத்தில், தீர்ப்பை நிறைவேற்றக் கோரி வாதி போட்ட நிறைவேற்று மனு ஏற்கெனவே நிலுவையில் இருந்தது. தடையாணை அந்த நீதிமன்றத்திற்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் செல்லும். ஆனால், ஆணை வந்து சேரும்வரை, தடை வழங்கப்பட்டதை நேரில் அறிந்த மேல்முறையீட்டாளரே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் அதன்படி நடக்க வேண்டும் என்று அதே விதியின் விளக்கம் கூறுகிறது. அந்தப் பத்திரத்தில் அன்றிரவே அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் நீதிமன்றம் கூடியதும் தாக்கல் செய்துவிட்டார்கள். அமீனா கையில் வாரண்டு இருக்கும்போது இத்தகைய வேகம்தான் உதவும்.

குறை என்று சொன்னால், தடைக்கு நிபந்தனை வரும் என்பதை அவர்கள் போதிய அளவு எச்சரிக்கவில்லை. தீர்ப்பாணைக்குப் பிறகும் சொத்தை அனுபவிப்பவர், அது சந்தையில் ஈட்டக்கூடிய வாடகைக்கு நிகரான தொகையைச் செலுத்த வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம் என 2004 டிசம்பரில் ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது கட்டட வாடகை வழக்கு என்றாலும், அதே நியாயத்தை எதிர்த்தரப்பு எடுத்து வைத்தது. எங்களுக்கும் ஒரு தொகையை நீதிமன்றத்தில் கட்டுமாறு ஆணையானது. அறுவடைக்கு முன் அந்தப் பணத்தைப் புரட்டியது எளிதாக இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடனுக்காவது முயன்றிருப்போம்.

கட்டணத்தில் மறைவு இல்லை. நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, பயணம் எல்லாவற்றிற்கும் தனித்தனியே கணக்கு எழுதித் தருகிறார்கள். ஆனால் தொலைபேசியில் மூத்தவர் கிடைப்பது அரிது. குமாஸ்தாவிடம்தான் பேச வேண்டும். ஆறு மாதத்தில் தடை தானாகவே காலாவதியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா பயந்தபோது, 29.02.2024 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த முறையை நீக்கிவிட்டதைப் பொறுமையாகச் சொன்னவரும் அவர்தான். எங்களுடைய தடையாணையில் தேதி குறிப்பிட்டிருப்பதால், ஒவ்வொரு வாய்தாவிலும் நீட்டிப்பு கேட்க வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டி வருகிறார்.