ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோக்கள்: ஐம்பதைத் தாண்டியவர்கள் எதை வாங்கலாம்?

ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டா பெயரில் விற்கும் உடற்பயிற்சி வீடியோக்களில் எல்லோரும் முதலில் கை நீட்டுவது 1982-ல் வந்த பழைய ‘ஒர்க்கவுட்’டுக்குத்தான். உடம்பை ஒட்டிய கோடு போட்ட லியோடார்ட் உடை, கணுக்காலில் கம்பளி வார்மர், நடுநடுவே உற்சாகக் கூச்சல் என்று பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் முட்டியும் இடுப்பும் முனக ஆரம்பித்த வயதில் வாங்க வேண்டியது 2010-ல் வந்த ‘ப்ரைம் டைம்’ வரிசை. இரண்டையும் நடத்துவது அவரேதான். முதலாவதில் அவருக்கு 44 வயது. இரண்டாவதில் எழுபதைத் தாண்டிவிட்டார். இடையில் 2005-ல் இடுப்பு மூட்டையும் 2009-ல் முழங்கால் மூட்டையும் மாற்றிக்கொண்டிருந்தார்.

1960-ல் சினிமாவுக்கு வந்து இரண்டு ஆஸ்கர் வாங்கிய நடிகை, 1979-ல் பெவர்லி ஹில்ஸில் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். 1981-ல் புத்தகம், மறு ஆண்டு வீடியோ கேசட். விலை 59.95 டாலர். வீட்டில் விசிஆர் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) வைத்திருந்தவர்களே குறைவாக இருந்த காலம் அது. இந்த கேசட்டைப் போட்டுப் பார்ப்பதற்காகவே விசிஆர் வாங்கியவர்கள் உண்டு. 1990-க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் நடிப்பையே விட்டிருந்தார். 2005-ல் திரும்பி வந்து, தன் எழுபது வயதுகளின் பிற்பாதியில் தொடங்கிய ஒரு தொடரில் 2022 வரை நடித்தார். அந்த உடம்பு எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்கு இந்த வீடியோக்கள் ஓரளவு பதில் சொல்கின்றன. 40 வயதுப் பயிற்சியை 70 வயதிலும் செய்து காட்ட அவர் முயலவில்லை. பயிற்சியையே மாற்றிவிட்டார்.

பழையதில் தொடக்க நிலை ஏறக்குறைய அரை மணி நேரம், மேல் நிலை ஒரு மணி நேரம். கழுத்து, கை, இடுப்பு என்று நின்று செய்துவிட்டுத் தரைக்கு வந்து கால், வயிறு, பிட்டம் என்று போகும். இதில் மூன்று சிக்கல்கள். முதலாவது, குனிந்து நீட்டும் இடங்களில் நிலையாக நிற்காமல் எம்பி எம்பி இழுப்பது. சட்டென்று இழுபடும் தசை தற்காப்புக்காக இறுகிக்கொள்ளும். அதை மீறி இழுத்தால் தொடையின் பின்புறம் பிடித்துக்கொள்ளும். எம்பாமல் 20 முதல் 30 விநாடி அப்படியே நின்றால் போதும். இரண்டாவது, பிடரியில் கை கோத்து எழும் வயிற்றுப் பயிற்சி. களைத்ததும் வயிறு வேலையை விட்டுவிடும், கை கழுத்தை இழுக்க ஆரம்பிக்கும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். முதுகை முன்னால் வளைத்துப் பாரம் ஏற்றினால் முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்க வாய்ப்புண்டு. மூன்றாவது, எரிச்சல் வரும்வரை விடாமல் செய் என்ற தோரணை. தசையில் பரவலாக வரும் எரிச்சல் பரவாயில்லை. மூட்டுக்குள் ஒரே புள்ளியில் குத்தினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். தலையைப் பின்னால் தொங்கவிடும் அசைவையும் விட்டுவிடலாம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலை சுற்றும்.

ஆனாலும் பழையதில் ஒரு பகுதி இன்றைக்கும் தங்கம்: ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது. நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் தாங்குவது பக்கவாட்டுப் பிட்டத் தசைதான், அதற்கு இதைவிட எளிய பயிற்சி கிடையாது. பெரும்பாலானோர் தவறாகச் செய்வதும் இதைத்தான். கால் உயர உயர உடம்பு பின்னால் மல்லாந்துவிடும், பாதம் கூரையைப் பார்க்கும். அப்போது வேலை செய்வது தொடையின் முன்பக்கம், பிட்டம் சும்மா கிடக்கும். இதைச் சரிசெய்யச் சுவரை ஒட்டிப் படுங்கள். முதுகு, பிட்டம், மேல்காலின் குதிகால் மூன்றும் சுவரில் பட வேண்டும். கீழ்க்காலை மடக்கிக்கொண்டு, கால்விரல்கள் நேராக முன்னால் பார்க்க, குதிகாலைச் சுவரில் உரசியபடியே ஒரு முழ உயரம் தூக்கி, மூன்று எண்ணி இறக்குங்கள். வீடியோவில் அவர் உயர்த்தும் உயரத்துக்குப் போட்டி போட வேண்டாம். பக்கத்துக்கு 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. டைல்ஸ் தரையில் வெறும் பாய் மட்டும் என்றால் இடுப்பு எலும்பு நோகும், ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் அறுவை செய்த மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

இனி 2010 வரிசை. ‘ஃபிட் அண்ட் ஸ்ட்ராங்’ தசை வலுவுக்கு, ‘வாக்கவுட்’ வீட்டுக்குள்ளேயே நடப்பதற்கு. குதிப்பு கிடையாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலாவதை வாங்குங்கள். நடைக்கு மொட்டைமாடி இருக்கிறது, தெரு இருக்கிறது. வயது ஏற ஏறக் கரைவது தசை, அதற்கு எடை தூக்கியே ஆக வேண்டும். டம்பெல் இல்லாவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை கிலோ, ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. 12 தடவை தூக்கியும் பேச்சு மூச்சு மாறவில்லை என்றால் எடை போதவில்லை. 8-க்கு முன்பே தோள் காதை நோக்கி ஏறினால் எடை அதிகம். தூக்கும்போது மூச்சை விட வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

வீடியோவோடு சேர்த்துச் செய்ய ஒன்று: சுவரில் முட்டுக்கொடுத்த, சக்கரமில்லாத நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், மரமோ இரும்போ நல்லது. முட்டிகள் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக நிற்கட்டும். ‘தொப்’பென்று விழாமல் இறங்குவதில்தான் பலனே. வலுப் பயிற்சி வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. நடை வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். 65-ஐத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் சேர்க்க வேண்டும், சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு செய்தால் போதும்.

அட்டைப்படத்து முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு: அந்தத் தாடைக்கோடு டம்பெல் தூக்கி வந்ததல்ல. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை அவர் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். நிமிர்ந்த முதுகும் ஊன்றாமல் எழும் காலும்தான் பயிற்சியில் கிடைக்கும்.

வாங்குவதில் ஒரு தொல்லை உண்டு. டிவிடிகளும் பிளேயர்களும் ‘ரீஜன்’ என்ற பெயரில் நாடுவாரியாகப் பிரித்துப் பூட்டப்பட்டவை: அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம் ஊர் பிளேயர்கள் ரீஜன் 5. உறவினரிடம் சொல்லி அங்கிருந்து வரவழைத்தால் டிவியோடு இணைத்த பிளேயரில் ஓடாமல் போகலாம். எல்லா ரீஜனும் ஏற்கும் பிளேயர் வேண்டும், இல்லையென்றால் டிஜிட்டல் பிரதியாக வாங்குங்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம். அம்மாவுக்கு வாங்குவதாக இருந்தால் முதல் சில தடவை கூட நின்று செய்யுங்கள், அசைவு பிடிபட்டபின் பேச்சு தேவைப்படாது. திரையை மட்டும் கண் மட்டத்தில் வையுங்கள். தரையில் வைத்த செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.