ஜெலாட்டோவோடு மூன்று வருடம்

எங்கள் வீட்டு அலமாரியில் பூட்டுப் போட்ட தகர டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் அண்ணன் தன் வீட்டுப் பின்கட்டில் வளர்த்துக் காயவைத்த ஜெலாட்டோ என்ற கஞ்சா வகை. மூடியைத் திறந்ததும் முதலில் வெண்ணெய் வாசம் வரும், பின்னாலேயே ஆரஞ்சுத் தோல். மூக்கை இன்னும் சற்று நேரம் வைத்திருந்தால் அடியில் மிளகும் லேசான டீசல் நெடியும் பிடிபடும். தீபாவளிக்கு, தென்னாப்பிரிக்காவில் எங்கள் பகுதியான சாட்ஸ்வர்த்தில் வீடு வீடாகக் கைமாறும் பலகாரத் தட்டின் துணியை விலக்கும்போது எழும் மணம்தான் எனக்கு நினைவு வரும்.

எனக்கு வயது 56. மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் இரவு வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு இரவை இரவாக ஏற்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மாத்திரை போட்டால் மறுநாள் பகல் முழுக்க மந்தம். ஆகவேதான் அண்ணன் ஜாடியை நீட்டியபோது மறுக்கவில்லை.

இந்த வகையின் வம்சம் தெரிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கலிபோர்னியாவில் சன்செட் ஷெர்பெட், தின் மின்ட் குக்கீஸ் என்ற இரண்டு கஞ்சா வகைகளைக் கலந்து உருவானது ஜெலாட்டோ. இரண்டுமே குக்கீஸ் என்ற வகையின் வழி வந்தவை. அந்தக் குக்கீஸுக்கு, வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்குப்படி, ஒரு பக்கம் ஓஜி குஷ், மறுபக்கம் டர்பன் பாய்சன். டர்பன் என்பது எங்கள் ஊர்! இங்கிருந்து விதையாகப் போன செடி, அங்கே இனிப்பின் பெயர் சூட்டிக்கொண்டு பேத்தியாகத் திரும்பியிருக்கிறது.

இதே மண்ணில் 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் எங்கள் ஆட்கள் முதன்முதலாக இறங்கினார்கள். பத்தே வருடத்தில், 1870-இன் 2-ஆம் எண் சட்டம், அவர்கள் கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும் தடைசெய்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்க அது இடைஞ்சல் என்பது முதலாளிகளின் வாதம். 2018 செப்டம்பர் 18-இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம், வயது வந்தோர் தனியிடத்தில் தமக்கென்று வளர்ப்பதும் பயன்படுத்துவதும் குற்றமல்ல என்றது. 2024 மே மாதம் அதற்கான சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார். விற்பது இன்றும் குற்றம்தான். எங்கள் வீட்டுச் செடி அண்ணனின் நண்பர் சும்மா கொடுத்த விதை.

முதல் அறுவடை 2022 ஏப்ரலில். ஜெலாட்டோவின் பூ கல்போல இறுகியிருக்கும், ஊதா ஓடிய பச்சை, மேலே சர்க்கரை தூவியதுபோல் பிசின் முடிகள். பார்க்க அழகு, டர்பனின் ஈரக்காற்றுக்கு அதுதான் ஆபத்து. அந்த மாத வெள்ளத்தில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, காயப்போட்ட அறையில் விசிறி ஓடவில்லை. வெளியே நன்றாகத் தெரிந்த பூவைப் பிளந்தால் உள்ளே சாம்பல் பூஞ்சை. முக்கால்வாசியைக் கொட்டினோம். பழைய டர்பன் செடியின் பூ தளர்வானது, காற்று உள்ளே புகுந்து வரும், அதனால் அவ்வளவு சீக்கிரம் அழுகாது என்று அண்ணன் அன்றைக்குத்தான் விளக்கினார்.

இரண்டாம் வருடம் பொறுமையாகச் செய்தார். பத்துப் பன்னிரண்டு நாள் நிழலில் தொங்கவிட்டு, பிறகு ஜாடியில் போட்டு, தினமும் மூடியைத் திறந்து காற்று மாற்றினார். முதல் வாரத்தில் வெறும் வைக்கோல் வாசம். ஒரு மாதம் கழித்துத்தான் அந்த வெண்ணெய் மணம் எழுந்தது. அவசரப்பட்டுக் காயவைத்தால் லிமோனீன் மாதிரி லேசான வாசனை எண்ணெய்கள் பறந்துவிடும், மிளகு வாசம் தரும் கேரியோஃபிலீன் மட்டும் தொண்டையைப் பிடிக்கும். பெயரைவிடக் காயவைத்த கைதான் ருசியைத் தீர்மானிக்கிறது.

நான் புகைப்பதில்லை. எரிக்காமல் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசர் கருவியில் ஒரு பட்டாணியில் பாதி, அவ்வளவுதான். சில நிமிடத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு லேசு. முதல் முக்கால் மணி நேரம் பேசத் தோன்றும், பாட்டு நன்றாகக் கேட்கும். அது டர்பன் ரத்தம் என்று அண்ணன் அடித்துச் சொல்வார், எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. பிறகு தோள் இறங்கும், கழுத்து இளகும், பசிக்கும். இரண்டு மணி நேரத்தில் தூக்கம். வாய் வறளும், கண் சிவக்கும். இந்த வகையில் போதை தரும் டிஎச்சி பெரும்பாலும் இருபது சதவீதத்தைத் தாண்டும், போதை தராத சிபிடி இல்லை என்றே சொல்லலாம். ஒரு பட்டாணி முழுசாக எடுத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஒரு தடவை நெய்யில் இறக்கி பர்ஃபி செய்தோம். இன்றும் வருந்தும் காரியம் அது. ஒரு துண்டு தின்றேன். முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை, ருசியாக இருந்ததால் இன்னொன்று எடுத்தேன். வயிற்றுக்குள் போனது கல்லீரலில் வேறு வடிவம் எடுத்து, தாமதமாகவும் கடுமையாகவும் ஏறும் என்று நர்ஸான எனக்குத் தெரியாதா? அன்று இரவு பதினொரு மணிவரை என் நாடியை நானே எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் மீதியைக் குழிதோண்டிப் புதைத்தோம். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் கஞ்சா பலகார வடிவத்தில் இருக்கவே கூடாது. டப்பாவுக்குப் பூட்டு வந்ததும் அன்றுதான்.

பத்தொன்பது வயது தங்கை மகன் கேட்டான், முடியாது என்றேன். மனம் கலங்கி, நிழலைப் பார்த்து அலறிய அந்த வயதுப் பையன்களை இரவு வேலையில் கட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன். எடுத்த இரவில் நான் கார் சாவியைத் தொடுவதும் இல்லை.

புரட்டாசி விரதத்தில் மாமிசத்தோடு இதையும் விட்டுவிடுவேன். முதல் வாரம் கஷ்டம், தூக்கம் துண்டு துண்டாக வரும். மூன்றாம் நாளிலிருந்து கனவுகள் கொட்டும். வருடம் முழுக்க இது கனவை அமுக்கி வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. போன புரட்டாசியில் இறந்துபோன ஆயா வந்து, முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. அந்தக் கனவை நான் ஜெலாட்டோவுக்காக விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. ஐப்பசி பிறந்த பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் என்று குறைத்தேன். விரதத்துக்குப் பின் பழைய அளவில் பாதியே போதுமானதாகவும் இருந்தது.

இங்கே புரட்டாசி வசந்த காலம், விதை போடும் பருவம். இந்த வருடம் அண்ணனிடம் இரண்டு தொட்டி கேட்டேன், ஒன்றில் ஜெலாட்டோ, மற்றதில் பழைய டர்பன். "இனிப்பு வாசம் அதில் வராது தங்கச்சி, சோம்பு மாதிரி இருக்கும்" என்றார். பரவாயில்லை அண்ணா, வையுங்கள் என்றேன். நேற்றுப் போய்ப் பார்த்தேன், இரண்டும் நான்கு இலை விட்டிருக்கின்றன.