டை-ஐ எல்டிஎல்: வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து போகும் எல்டிஎல் துகளைச் செல் எவ்வளவு உள்ளே இழுக்கிறது என்று பார்க்க எங்கள் லேபில் சில வருடங்களாக டை-ஐ என்ற ஒளிரும் சாயம் ஏற்றிய எல்டிஎல்தான் ஓடுகிறது. பெரும்பாலும் ஹெப்ஜி2 கல்லீரல் செல்களில். வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் அது கொலஸ்டிராலைக் காட்டாது, எல்டிஎல் துகள் உள்ளே போனதைத்தான் காட்டும்.

செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் எல்டிஎல் ஏற்பியைக் கண்டுபிடித்து 1985இல் நோபல் பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் டல்லாஸில் கதிரியக்க அயோடின் ஏற்றிய எல்டிஎல்லை வைத்து வேலை செய்தார்கள். அதில் புரதம் சிதைந்து வெளியே வருவதையும் அளக்க முடிந்தது. டை-ஐ அப்படியல்ல. துகளின் கொழுப்புப் பகுதியில் ஒட்டியிருக்கும் இந்தச் சாயம், துகள் சிதைந்த பிறகும் செல்லின் செரிமானப் பையான லைசோசோமிலேயே தங்கிவிடுகிறது. கொலஸ்டிரால் அங்கிருந்து என்பிசி1 புரதம் வழியாகக் கிளம்பிப் போயிருக்கும், சிவப்புப் புள்ளி மட்டும் அப்படியே நிற்கும். என்பிசி1 பழுதான செல்லில் கொலஸ்டிரால் லைசோசோமில் தேங்கிக் கிடந்தாலும் டை-ஐ படத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதற்குக் கொலஸ்டிராலோடு ஒட்டும் ஃபிலிப்பின் சாயம் தனியாகப் போட வேண்டும்.

முடிவின் தரம் முந்தின நாளே தீர்மானமாகிவிடுகிறது. செல் வளர்க்கச் சேர்க்கும் வழக்கமான கன்றுச் சீரத்தில் லிப்போபுரதம் (எல்டிஎல் போன்ற கொழுப்புத் துகள்) நிறைய இருக்கிறது. வயிறு நிறைந்த செல் ஏற்பியைக் குறைத்துக்கொள்ளும். லிப்போபுரதம் நீக்கிய சீரத்தில் ஒரு நாள் வைத்தால் ஏற்பி மேலே வரும், கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் ஸ்டாட்டின் மருந்து சேர்த்தால் இன்னும் கூடும். சீரம் விலை கடிக்கும்தான், ஆனாலும் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல். சாயமில்லாத எல்டிஎல்லைப் பல மடங்கு சேர்த்துச் செல் தட்டில் ஒரு கிணறு (குழி), 4 டிகிரியில் ஒரு கிணறு. முதலாவதில் சாயமில்லாதது ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும்; அதிலும் மிஞ்சும் ஒளி ஏற்பி வழியாக வந்ததல்ல, அதைக் கழித்துவிடலாம். குளிரில் துகள் ஒட்டும், உள்ளே போகாது. இவை இரண்டும் இல்லாத படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் நம்புவதில்லை.

இதை உறைய வைக்கவே கூடாது. ஒரு விற்பனையாளர் உலர்பனியில் போட்டு அனுப்பிவிட்டு மாற்றித்தர ஏகப்பட்ட இழுபறி செய்தார். உருகிய பிறகு துகள்கள் கட்டிதட்டி, செல்லுக்கு வெளியே பளபளவென்று கிடந்தன. 4 டிகிரியில், இருட்டில், நைட்ரஜன் ஊதி மூடி வையுங்கள். நல்ல குப்பியானாலும் பயன்படுத்துமுன் ஒருமுறை சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக்கொள்வது நல்லது.

ஒளி விஷயத்தில் குறை இல்லை. 554 நானோமீட்டரில் தூண்டினால் 571 அருகே ஒளிரும், செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பிஇ எனும் ஆரஞ்சு ஒளிச் சேனலில் சரியாக உட்காரும். ஆன்டிபாடி சாயமும் சேர்த்துப் போடுபவர்களுக்குத்தான் தலைவலி: செல் சவ்வைத் துளையிடப் பயன்படும் டிரைட்டான், மெத்தனால் இரண்டுமே டை-ஐயைக் கழுவிவிடும். செல்லைப் பாரஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, சப்போனினால் மென்மையாகத் துளையிட்டால் சாயம் ஓரளவு தப்பிக்கும்.

ஆர்டர் போடும்போது பெயரைக் கவனியுங்கள். அசிட்டைல் எல்டிஎல் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜின் ஸ்கேவெஞ்சர் ஏற்பிக்குப் போகும் வேறு சரக்கு. உயிருள்ள செல்லை நேரடியாகப் பார்க்க பிஎச்ரோடோ எல்டிஎல் வசதி. அமிலச் சூழலில்தான் ஒளிரும் என்பதால் வெளியே ஒட்டியிருப்பது அவ்வளவாகத் தெரியாது. எல்டிஎல்லை மனித பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதால் லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதி) சாய அளவு மாறும். ஒரு தொடர் சோதனைக்குத் தேவையானதை ஒரே லாட்டில் வாங்குங்கள், அதுவும் சில வாரங்களில் தீரும் அளவுக்கு மட்டும்.