ஆடியோகிராம் நார்மல், ஆனால் பேச்சு புரியவில்லை: எந்தச் சோதனை எதைப் பிடிக்கும்?

"சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் திணறுகிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். சோதனைக்குப் போனால் 'நார்மல்' என்று வந்துவிடும். வீட்டில் 'கவனமே இல்லை' என்ற பழியும் சேர்ந்துகொள்ளும். அவர்கள் சொல்வது உண்மைதான். அளந்தது ஒன்று, அவர்கள் படும் பாடு வேறொன்று.

வழக்கமான ஆடியோகிராமையே எடுத்துக்கொள்வோம். ஒலி புகாத சின்ன அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். மெல்லிய 'பீப்' கேட்டதும் அழுத்த வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றிலும் எது வரை கேட்கிறது என்று குறிப்பார்கள். நடுச்செவிக் கோளாறு, வயதால் வரும் குறை போன்றவற்றைக் கண்டறிய இதுதான் அடிப்படை. ஆனால் நிசப்தத்தில் ஒரு பீப்பைக் கேட்பதும், இரைச்சலுக்கு நடுவே ஒரு வாக்கியத்தைப் பிரித்தெடுப்பதும் ஒரே வேலை இல்லை.

2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் கேட்கும் அளவு பழையபடி திரும்பியது. ஆனால் ஒலியை உணரும் உட்செவியின் மயிர்ச் செல்களையும் செவி நரம்பையும் இணைக்கும் சினாப்ஸ்களில், பாதிக்கப்பட்ட பகுதியில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருந்தது. மெல்லிய ஒலியைப் பிடிக்கும் நரம்பு இழைகள் ஓரளவு மிஞ்சினாலே பீப் கேட்டுவிடும். இரைச்சலில் கைகொடுக்கும் இழைகள்தான் முதலில் அடிபடுகின்றன என்று கருதுகிறார்கள். 2011இல் இதற்கு 'மறைந்திருக்கும் கேட்புக் குறை' என்ற பெயர் வந்தது.

சரி, ஆடியோகிராமுக்கு அப்புறம் எது? என் ஓட்டு இரைச்சலில் பேச்சுச் சோதனைக்குத்தான். பலர் ஒரே நேரத்தில் பேசும் சலசலப்பு பின்னணியில் ஓடும். அதற்கு நடுவே ஒரு குரல் வாக்கியம் சொல்லும், நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியம் தெளிவாக இருக்கும். போகப் போக சலசலப்பு ஏறி, கடைசியில் இரண்டும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும். அந்த இடத்தில் ஒருவர் விழிப்பதைப் பார்த்தால், அவருடைய புகாருக்கு வேறு சாட்சி தேவையில்லை. இதற்கும் குறை உண்டு. சிரமம் எவ்வளவு என்று சொல்லும், காரணம் என்ன என்று சொல்லாது. தாய்மொழியில் செய்யாவிட்டால் மொழித் தடுமாற்றமும் மதிப்பெண்ணில் கலந்துவிடும். வாக்கியங்களுக்குப் பதில் எண்களைச் சொல்லும் வடிவமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கைப்பேசிச் செயலி அந்த வகைதான்.

8000 ஹெர்ட்ஸைத் தாண்டி 16,000 வரை பார்க்கும் உயர் அதிர்வெண் சோதனை, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் போல காதைப் பாதிக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு நல்ல முன்னெச்சரிக்கை. அங்கே குறை தெரிந்தால் சினாப்ஸ் போய்விட்டது என்று மட்டும் முடிவு கட்டக்கூடாது.

காதுக்குள் ஒலியை அனுப்பி, உட்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியை அளப்பது ஓ.ஏ.இ. சோதனை. அதில் எனக்கு ஒரு கவலை உண்டு. அது பார்ப்பது உட்செவியில் வெளி வரிசையில் இருக்கும் மயிர்ச் செல்களை மட்டும்தான், நரம்பை அல்ல. செவி நரம்புக் கோளாறு உள்ள குழந்தை அதில் தேறிவிடலாம். காது வேலை செய்யும், ஆனால் நரம்பு வழியே செய்தி ஒழுங்காகப் போகாது. அதைக் காட்டிக்கொடுப்பது பெரா சோதனை: ஒலி கேட்கும்போது செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளை, தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியே பதிவு செய்வார்கள். அதனால் பிறந்து பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. தேறியது என்று திருப்தி அடையாமல் பெராவையும் கேட்டு வாங்குங்கள்.

பெராவில் செவி நரம்பிலிருந்து வரும் முதல் அலை சிறுத்திருப்பதை வைத்து சினாப்ஸ் இழப்பைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. எலியில் சரியாக வருகிறது. மனிதரிலோ அந்த அலை ஆளுக்கு ஆள் ஏகமாக மாறுவதால், ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே 'உங்களுக்கு சினாப்ஸ் போய்விட்டது' என்று உறுதியாகச் சொல்லும் சோதனை இன்றைக்கு எந்த கிளினிக்கிலும் இல்லை.

கேட்புத் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடம் போகும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த இடத்தில், எத்தனை பேர் பேசும்போது, யார் குரல் நழுவியது என்று. அந்தத் தாளை நீட்டி, "இரைச்சலில் பேச்சுச் சோதனை செய்வீர்களா?" என்று நேராகவே கேளுங்கள்.