மியூல் மான் பைனாகுலரும் கோட்டைப் புள்ளிமானும்: வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 10×42

வில்லோடு மியூல் மான் தேடிப் போகிறவர்களின் கழுத்தில் அடிக்கடி தொங்குவது வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி என்ற இந்தப் பைனாகுலர். கோவேறு கழுதையின் காதுபோல அகன்ற காது அந்த மானுக்கு. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் சாம்பல் படிந்த புதருக்குள் படுத்துவிட்டால் வெறுங்கண்ணுக்கு அகப்படாது. ஒருவர் மேட்டில் உட்கார்ந்து எதிர்ச் சரிவை மணிக்கணக்காக அலசுவார். மானைக் கண்டதும் கூட்டாளி காற்றுக்கு எதிராகச் சுற்றி இறங்குவார். மேலே இருப்பவர் கைச்சாடையால் வழிகாட்டுவார். அம்பு விட 40 யார், அதாவது சுமார் 37 மீற்றருக்குள் போகவேண்டும் என்பதே அவர்களில் பெரும்பாலானோரின் கணக்கு.

இலங்கையில் மான் வேட்டை குற்றம். ஆகவே இங்கே இந்தக் கண்ணாடியை மான் பார்க்கவும் படம் எடுக்கவும் போகிறவர்களின் பக்கத்திலிருந்தே எடைபோடுகிறோம். அவர்களுக்கும் கூட்டாளி முறை உதவும்: ஒருவர் கண்ணாடியோடு மேட்டில், மற்றவர் கமராவோடு கீழே.

எடை சுமார் 600 கிராம். 1,000 மீற்றர் தூரத்தில் 110 மீற்றர் அகலம் தெரியும்; 100 மீற்றரில் அது 11 மீற்றர். கிட்டத்தில் 1.5 மீற்றர் வரை குவியும். பெயரிலுள்ள 10 பெருக்கம், 42 முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். 42ஐ 10ஆல் வகுத்தால் 4.2 மில்லிமீற்றர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. பகலுக்குத் தாராளம். மசண்டையில் கண்மணி அதைவிட விரிந்துவிடுவதால், அப்போது 5.25 மில்லிமீற்றர் கிடைக்கும் 8×42 முந்திக்கொள்ளும். மான் வெளியே வருவதும் மசண்டையில்தானே.

திருகோணமலை பிரெட்றிக் கோட்டைக்குள் வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரைக்கும் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பழகி ஐந்தாறு மீற்றரில் நிற்கின்றன. அங்கே பத்து மடங்கு வீண். தலையும் கொம்பில் ஒரு பகுதியும்தான் வட்டத்துக்குள் அகப்படும். ஆனால் மதில் ஓரத்து நிழலில் படுத்த கூட்டத்தைக் கலைக்காமல் 80, 100 மீற்றரிலிருந்து எண்ணுவதற்கு இது அருமை. எந்தக் கொம்பில் இன்னும் மென்மயிர்த் தோல் மூடியிருக்கிறது, எதில் உரிந்து தொங்குகிறது என்பது துலக்கமாகத் தெரியும். புள்ளிமான் கொம்பில் அடியில் ஒரு கிளை, நுனியில் ஒரு கவர். நன்கு வளர்ந்த மியூல் ஆணின் கொம்போ கவர்விட்டு, அந்தக் கவர் ஒவ்வொன்றும் மறுபடி கவர்விடும். முழு மானைத் தேடினால் இரண்டு வகை மானும் தப்பிவிடும். முதுகின் கிடைக்கோடு, அசையும் காது, நிழலுக்குள் ஒரு வெள்ளைத் தொண்டை என்று துண்டு துண்டாகத் தேடவேண்டும்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதை மறக்கவேண்டாம். காவலில் கேட்டால் பையைத் திறந்து காட்டுங்கள். முகாம் பக்கமோ துறைமுகத்தில் கடற்படைப் பக்கமோ கண்ணாடியைத் திருப்பாதீர்கள்.

காலை ஒன்பது தாண்டினால் தார் வீதிக்கும் மணலுக்கும் மேலே கானல் எழும்பத் தொடங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் முந்தியே எழும்பும். அந்த நேரம் உருவம் நீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தால் பழி கண்ணாடிக்கு அல்ல. பெருக்கம் கூடக்கூட நெளிவும் பெருத்துத் தெரியும்.

வாங்கியவர்களில் பலர் செய்யாமல் விடுவது கண் சமன், அதாவது இரண்டு கண்ணுக்கும் குவியத்தை ஒப்பாக்குவது. குவியத்தை மாற்றும் நடுச்சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'மங்கலாயிருக்கு' என்று குறை சொல்வார்கள். வலப்பக்க முன்வில்லையை மூடியால் மூடி, இடக்கண்ணால் 50 மீற்றரிலுள்ள பெயர்ப்பலகை எழுத்தை நடுச்சில்லால் கூர்மையாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சில்லைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைப் பிடியுங்கள். ஒரு கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு செய்தால் மற்றதும் சுருங்கி அளவு பிழைக்கும், அதற்குத்தான் மூடி. இந்த வளையத்துக்குப் பூட்டு இல்லை, பைக்குள் உரசி நகர்ந்துவிடும். சரியான இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள்.

பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு. குந்தியிருந்து முழங்கையை முழங்காலில் ஊன்றுங்கள், அல்லது மதிலில் சாயுங்கள். அரை மணிக்கு மேல் பார்ப்பதென்றால் ட்ரைபொட் வேண்டும். முன்பக்கத்து நடு மூடியைக் கழற்றினால் அதற்கான கால் அங்குலப் புரி உள்ளே இருக்கிறது. இணைப்பியைத் தனியாக வாங்கவேண்டும்.

உள்ளே ஆர்கன் வாயு அடைத்திருப்பதால் உட்பக்கம் பனிக்காது. வெளிப்பக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏசி வாகனத்திலிருந்து இறங்கியதும் வில்லை வெள்ளையாகிவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி பனிக்கும். பையோடு பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

நம்மூரில் இதைக் கொல்வது உப்பு. திமிங்கிலம் பார்க்கப் படகில் போய்வந்தால் வில்லையில் காய்ந்த உப்புப் பொருக்கு மணல்போலக் கூரானது. சேட் விளிம்பாலோ லேஞ்சியாலோ ஒரு இழுப்பு இழுத்தால் பூச்சில் கீறல் நிரந்தரம். முதலில் கண் வைக்கும் பக்கத்து வளையங்களான கண்மூடிகளை மேலே திருகிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி உப்பைக் கரையுங்கள். நீர்புகாத உடல், பயமில்லை. காற்றுப் பந்தால் துளிகளை ஊதுங்கள். கடைசியில்தான் வில்லைத்துணி, அதுவும் நடுவிலிருந்து வெளியே. குழாயை வேகமாகத் திறந்து பிடிக்கவும் வேண்டாம், சவர்க்காரமும் வேண்டாம்.

அடுத்த எதிரி பூஞ்சணம். மாரியில் பையோடு அலுமாரிக்குள் போட்டால் வெளிவில்லையில் சிலந்திவலைபோல் படரும். இறுக்கமாய் மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் போதும். மணிகள் நிறம் மாறினால் இளஞ்சூட்டில் உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். அரிசி போட்டு வைக்கும் பழக்கத்தை விடுங்கள், அதன் தூள் சில்லுக்குள் போகும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது சற்று இறுக்கம். கண் தூரம், அதாவது முழுக் காட்சியும் தெரியக் கண்ணை வில்லையிலிருந்து தள்ளி வைக்கக்கூடிய தூரம், 15 மில்லிமீற்றர்தான். கண்மூடியை முழுதாகக் கீழே திருகினாலும் தடித்த சட்டம் என்றால் ஓரம் வெட்டுப்படும். இதே வரிசையின் 8×42இல் 17 மில்லிமீற்றர் உண்டு, அகலமும் 1,000 மீற்றருக்கு 131 மீற்றர். கோட்டை, படகு, வீட்டு மொட்டைமாடி என்று மூன்றுக்கும் ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் எங்கள் தெரிவு அந்த எட்டுதான். திறந்த வெளியில் தூரத்து மான் மட்டுமே நோக்கமென்றால் பத்து.

உத்தரவாதம் ஆயுட்காலத்துக்கு. ரசீது கேட்பதில்லை, கைமாறினாலும் தொடரும். தொலைந்தாலும் களவுபோனாலும் செல்லாது. அனுப்பும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையதாக வாங்குவோர் முதலில் ஒரு முழ தூரத்தில் பிடித்து வானத்துக்குக் காட்டிப் பாருங்கள்: இரண்டு ஒளிவட்டமும் முழு வட்டமாக இருக்கவேண்டும். பிறகு தூரத்து மின்கம்பம் ஒன்றை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். கம்பம் இரண்டாகப் பிரிந்தாலோ கண் இழுத்தாலோ அது விழுந்து அச்சு விலகிய கண்ணாடி. எந்த விலைக்கும் வேண்டாம்.