500 கஜமும் அரை மைலும்: ‘ஷாஷாங்க்’ படத்தோடு நெடுநாள் பழகிய பின்

நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். தகுதிக்கு மேல் புகழப்பட்ட படம் எது? தகுதி இருந்தும் கண்டுகொள்ளப்படாத படம் எது? இரண்டுக்கும் ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ என்ற அமெரிக்கச் சிறைப் படத்தையே பதிலாக எழுதினேன். கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். கிண்டல் இல்லை, அந்தப் படத்தின் வரலாறே அப்படித்தான். 1994இல் சுமார் 2.5 கோடி டாலர் செலவில் வெளியான படம் முதல் சுற்றில் 1.6 கோடி டாலர்தான் ஈட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் பரவலாக வெளியான ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ ஊர்ப் பேச்சை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்கருக்கு 7 பரிந்துரைகள் கிடைத்தும் ஒரு விருதுகூடக் கைக்கு வரவில்லை. சிறந்த படம் என்று ‘ஃபாரஸ்ட் கம்ப்’ வென்றது. பிறகு வீடியோ வாடகைக் கடைகள் அதைக் கரையேற்றின. 1997 முதல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி சலிக்காமல் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. 2008இல் ஐஎம்டிபி இணையதளத்தில் ரசிகர்கள் மதிப்பெண் போடும் பட்டியலில் ‘தி காட்ஃபாதர்’ படத்தையே கீழே தள்ளிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்தது.

கதையை நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட படத்தின் முடிவை மூடி மறைக்க எனக்குப் பொறுமை இல்லை.

முதல் முறை பார்ப்பவரின் மதிப்பெண்ணில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பத்துக்குப் பத்து கொடுத்தால் கொடுக்கட்டும். ஆனால் மீண்டும் மீண்டும் பார்ப்பவனுக்கு ஒரு படம் எப்படி உழைக்கிறது என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவு உழைக்கிறது. கூரைக்குத் தார் பூசிய கைதிகள் வெயிலில் உட்கார்ந்து பீர் குடிக்கும் காட்சி உழைக்கிறது. ஆண்டி என்ற கைதியாக வரும் டிம் ராபின்ஸின் முகம், என்ன நினைக்கிறது என்று கடைசிவரை பிடிகொடுக்காத அந்த முகம், நன்றாகவே உழைக்கிறது. உழைக்காதது ஒன்றுதான். துரதிர்ஷ்டவசமாக, எல்லோரும் அதிகம் புகழ்வதும் அதைத்தான்: ஆண்டியின் நண்பன் ரெட்டாக வந்து கதையைச் சொல்லும் மார்கன் ஃப்ரீமனின் பின்னணிக் குரல்.

அந்தக் குரல் அழகில்லை என்று எந்த மூடனும் சொல்லமாட்டான். சிக்கல் அழகில் இல்லை, அது வாயை மூடாததில் இருக்கிறது. சிறை முற்றத்தில் ஒலிபெருக்கி வழியே மொஸார்ட் இசை கேட்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபிகரோவின் திருமணம்’ இசை நாடகத்திலிருந்து இரண்டு பெண்கள் பாடும் பகுதி. ஆண்டி, அதிகாரியின் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு இசைத்தட்டைச் சுழலவிடுகிறான். கைதிகள் அப்படியே நிற்கிறார்கள். கேமரா அவர்களுக்கு மேலே எழும்புகிறது. இதற்கு மேல் ஒரு படத்துக்கு என்ன வேண்டும்? ரெட்டின் குரல் வருகிறது. அந்தப் பெண்கள் எதைப் பற்றிப் பாடினார்கள் என்று தனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை, சிலவற்றைச் சொல்லாமல் விடுவதே நல்லது என்கிறது. சரி, நல்லது, அதோடு விடலாமே? விடுவதில்லை. அது எவ்வளவு அழகு, எவ்வளவு உயரம், அந்தச் சில நொடிகளில் ஒவ்வொருவரும் எப்படி விடுதலை பெற்றோம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. சொல்லாமல் விடுவதே நல்லது என்று சொல்லிவிட்டு இத்தனையும் சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். முதல் முறை பார்த்தபோது கண் கலங்கினேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். இப்போது அந்த இடம் வந்தால் ஒலியைக் குறைக்கத் தோன்றுகிறது. குறைத்தால் மொஸார்ட்டும் போய்விடுவார்.

அடுத்தது கழிவுநீர்க் குழாய். ஆண்டி அதில் ஊர்ந்து தப்பிப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அந்த இரவில் ரெட் தன் அறைக்குள் பூட்டப்பட்டிருக்கிறான், எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் நாற்றம் முதல் நீளம்வரை அவன்தான் நமக்கு விவரிக்கிறான். 500 கஜம், ஐந்து கால்பந்து மைதான நீளம், அரை மைலுக்குச் சற்றே குறைவு என்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மைல் என்பது 880 கஜம். 500 கஜம் கால் மைலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ‘சற்றே குறைவு’ என்பதற்குள் 380 கஜம் காணாமல் போயிருக்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து அந்தக் காட்சி வரும்போதெல்லாம் என் மூளை கழித்தல் கணக்கில் இறங்கிவிடுகிறது. ஆண்டி மழையில் கைகளை விரித்து நிற்கும்போதும் எனக்கு 380தான் நினைவுக்கு வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குரலில் எனக்கு இன்னும் சலிக்காத வரியும் இதுதான். படம் முழுவதும் எல்லாம் தெரிந்த ஞானியாகப் பேசும் ரெட், இங்கே மட்டும் முற்றத்தில் உட்கார்ந்து கதையளக்கும் கைதியாகிவிடுகிறான். நண்பனின் சாகசத்தைச் சொல்லும்போது யாருக்குத்தான் அளவு நீளாது? வேண்டுமென்றே எழுதியிருந்தால் எழுதியவர் மேதை. இல்லை, கவனக்குறைவுதான் என்றே நினைக்கிறேன். மற்ற இடங்களில் குரல் ஒருமுறைகூடத் தவறுவதில்லை, தயங்குவதுமில்லை. தவறாத குரலோடு எத்தனை ஆண்டுகள்தான் குடித்தனம் நடத்துவது?

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், ஸ்டீபன் கிங் 1982இல் வெளியிட்ட குறுநாவலே ரெட் எழுதும் குறிப்பாகத்தான் இருக்கிறது. அந்தக் குரலை வெட்டி எறிந்தால் கதையின் எலும்பே போய்விடும் என்று இயக்குநர் ஃப்ராங்க் டாரபான்ட் நினைத்திருந்தால் அதில் பிழையில்லை. அதே படத்தில் பின்னணிக் குரலை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கான பாடமும் இருக்கிறது. முதியவர் புரூக்ஸ் விடுதலையாகி வெளியே போனபின் எழுதும் கடிதம். அதில் அவர் யாருக்கும் தத்துவம் சொல்லவில்லை. கார்கள் பெருகிவிட்டன, தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்கிறார். தனக்குத் தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவுக்கு. ரெட்டும் மூன்றாவது பரோல் விசாரணையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நேரே பேசும்போது ஒரு சொல் மிகையில்லை. அதே நடிகர், அதே குரல். (பரோல் தாளில் ஒட்டியிருக்கும் இளம் ரெட்டின் புகைப்படத்தில் இருப்பது ஃப்ரீமனின் மகன். படத்தை நிறுத்திப் பார்க்கும் நோய் உள்ளவர்களுக்கான தகவல்.)

கடற்கரை முடிவைத்தான் பலர் குறை சொல்வார்கள். டாரபான்ட் ரெட்டைப் பேருந்தில் ஏற்றி அத்தோடு முடிக்க எண்ணியிருந்தார். இருவரும் சந்திப்பதைக் காட்ட வேண்டும் என்று கேட்டது தயாரிப்பு நிறுவனம். வணிக சமரசம், இனிப்பு அதிகம் என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கடற்கரைக்கு வந்ததும் ரெட் பேச்சை நிறுத்திவிடுகிறான். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நமக்குக் கேட்பதில்லை, கேமரா விலகிப் போய்விடுகிறது. இரண்டேகால் மணி நேரத்துக்குப் பிறகு எனக்குக் கிடைக்கும் அந்த நிம்மதியை யார் கேட்டுச் சேர்த்திருந்தாலும் வாழ்த்துவேன்.

என் எரிச்சல் வெறும் பிடிவாதம் இல்லை என்பதற்கு ‘பிளேட் ரன்னர்’ சாட்சி. 1982இல் திரைக்கு வந்த பிரதியில், பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று பயந்து ஹாரிசன் ஃபோர்டின் விளக்கக் குரலைச் சேர்த்தார்கள். ரட்கர் ஹாவர் மழையில் உட்கார்ந்து உயிர் பிரியும் முன் பேசும் அந்தச் சில வரிகள் முடிந்ததும், ஹாவரின் பாத்திரம் தன்னை ஏன் காப்பாற்றியது என்று ஃபோர்டின் குரல் உரை எழுத வந்துவிடும். 1992இல் வெளியான இயக்குநர் பிரதியில் அதை எடுத்துவிட்டார்கள். 2007இன் இறுதிப் பிரதியிலும் அது இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் குரல் இருக்கும் பிரதியைத் திரும்பத் தேடிப்போவது அரிது. ஷாஷாங்க்கையும் அப்படி ஒருமுறை குரல் இல்லாமல் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை, நடக்காது.

கண்டுகொள்ளப்படாத படம் என்று உண்மையிலேயே நான் வாதாடுவது ஃப்ரான்சிஸ் ஃபோர்ட் கொப்பலாவின் ‘தி கான்வர்சேஷன்’ படத்துக்காக. 1974இல் வந்தது, கான் திரைவிழாவின் உயரிய விருதையும் வாங்கியது. ஆனால் அதே ஆண்டில் அதே இயக்குநர் ‘தி காட்ஃபாதர் - பாகம் 2’ எடுத்துவிட்டார். இரண்டும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இருந்தன, பெரியது வென்றது, சிறியது அதன் நிழலில் நின்றுவிட்டது. ஒட்டுக்கேட்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவனாக ஜீன் ஹேக்மன் நடித்திருப்பார். சதுக்கத்தில் நடந்துகொண்டே பேசும் ஓர் ஆணையும் பெண்ணையும் பதிவு செய்கிறான். அந்த நாடாவைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்கிறான். வாய்ப்புக் கிடைத்தால் அவர் நம்மைக் கொன்றுவிடுவார் என்று ஒரு வரி. எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பதில்தான் மொத்தப் படமும் இருக்கிறது. ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச், அதே வரியை வேறு அழுத்தத்தில் பேசிய இன்னொரு பதிவைப் பிற்பகுதியில் வைத்தார். யாரும் எதையும் விளக்குவதில்லை. கேட்கும் தொழிலில் கைதேர்ந்தவனே தவறாகக் கேட்கிறான், அவனோடு சேர்ந்து நாமும் தவறாகக் கேட்கிறோம். முடிவு தெரிந்தபின் பார்த்தால் அந்த வரி முதல் காட்சியிலேயே வேறாகக் கேட்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தமிழில் இந்த வரிசையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’. 1954இல் பாட்டே இல்லாமல் ஒரு படம்! அந்தத் துணிச்சலை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், அதோடு பேச்சை முடித்தும் விடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், கொலை விசாரணையில் ஒவ்வொருவர் சொல்லும் கதையையும் நம்பலாமா என்று நம்மைத் தவிக்கவிடுவது. வாய் இருக்கும் இடத்திலெல்லாம் பொய்யும் இருக்கலாம் என்று தெரிந்த படம். ‘அன்பே சிவம்’ வேறு கதை. 2003இல் திரையரங்குகளில் தோற்று, பிறகு தொலைக்காட்சியில் எழுந்து, இன்று குறை சொன்னால் சண்டைக்கு வரும் ரசிகர்களைச் சம்பாதித்திருக்கிறது. அந்த வகையில் நம்முடைய ஷாஷாங்க் அதுதான். நோயும் அதே. தலைப்பில் ஒருமுறை, பாட்டில் ஒருமுறை, வசனத்தில் பலமுறை என்று கருத்தை நம் கையில் திணிக்கிறது. ஆனால் சிறுவன் இறந்தபின் மாதவன் உடைந்து அழ, அந்த மனசுதான் கடவுள் என்று கமல் சொல்லும் இடத்தில் என் வாதமெல்லாம் செல்லாக்காசு ஆகிவிடுகிறது. ஏன் என்று தெரியவில்லை. அழுக்குக் கண்ணாடியும் தழும்புமாக அந்த முகம் எதிரே இருப்பதால் இருக்கலாம்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிச் சுருக்கமாக. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ அமெரிக்கத் தொலைக்காட்சியின் உயரிய விருதான எம்மியை 59 முறை வாங்கியது. ரசிகர்கள் காறி உமிழ்ந்த கடைசி சீசனுக்கும் 2019இல் சிறந்த நாடகத் தொடர் விருது கொடுத்தார்கள். அதன் முடிவில், புதிய அரசனைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் டிரியன் எழுந்து நின்று, மக்களை ஒன்றுசேர்ப்பது கதைகள்தான், பிரானுடையதைவிடச் சிறந்த கதை யாருக்கு இருக்கிறது என்று உரையாற்றுகிறான். காட்டத் தவறியதை வாயால் சொல்லிச் சமாளிக்கும் வேலை இது. ‘தி வயர்’ தொடர் 60 பகுதிகளில் ஒரு எம்மிகூட வாங்கவில்லை. ஆனால் அதைக் கண்டுகொள்ளப்படாத தொடர் என்று சொல்லாத ஆளே இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ‘பெட்டர் கால் சால்’ எம்மிக்கு 53 முறை பரிந்துரைக்கப்பட்டு 53 முறையும் வெறுங்கையோடு திரும்பியது. மூன்றாவது சீசனின் முதல் பகுதியில், தன் காரில் யாரோ வைத்த கண்காணிப்புக் கருவியை மைக் என்ற முன்னாள் போலீஸ்காரர் தேடுகிறார். கார் துண்டு துண்டாகப் பிரிகிறது, பேச்சில்லை, விளக்கமில்லை, கடைசியில் தேடல் பெட்ரோல் டேங்க் மூடியில் வந்து நிற்கிறது. ரெட் அங்கே இருந்திருந்தால் அந்தக் கார் எத்தனை கஜம் என்று சொல்லியிருப்பான்.

நண்பருக்கு என் பரிந்துரை: ஷாஷாங்க்கைப் பாருங்கள், இன்றைக்கே, குடும்பத்தோடு. ‘தி கான்வர்சேஷன்’ படத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். களைத்து வந்து உட்காரும் இரவில் அது இருபது நிமிடத்தில் உங்களைத் தூங்கவைத்துவிடும், பழி என் மேல் விழும். மதிப்பெண் கேட்டால், குரலுக்காக ஒன்றைக் கழித்து ஷாஷாங்க்குக்கு ஒன்பது. ‘தி கான்வர்சேஷன்’ படத்துக்கும் ஒன்பதுதான். அதில் எதைக் கழித்தேன் என்று கேட்காதீர்கள், நேற்று இரவு அதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து ஷாஷாங்க்கைத்தான் போட்டேன்.